நானூறு அடியும் நாமும்

“400 அடி வரை ட்ரோன் பறக்கவிடலாம் என்கிறார்களே, தாராவியில் விடலாமா?” என்று நண்பர் சிலர் என்னை வினவினர். கூடாது என்பதே என் விடை. காரணம் கூறுவேன்.

மனிதர் செல்லும் விமானங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் அன்றி, பொதுவாக 500 அடிக்குக் கீழே வருவதில்லை. ட்ரோனுக்கு எல்லை 400 அடி. இடையிலுள்ள 100 அடியே காப்பு. ஆனால் தரையிறங்கும் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் வருகிறது. ஓடுபாதையைத் தொடுமிடத்திற்கு 2 கிலோமீட்டர் முன்பே அதன் உயரம் ஏறத்தாழ 340 அடிதான்! அங்கே காப்பு ஏது?

ஆதலால் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள், விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கே இடந்தருகின்றன. 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி ஓர் அடியும் எழும்பலாகாது. தாராவி, மாதுங்கா, செம்பூர் மூன்றும் அவ்வெல்லைக்கு உட்பட்டவையே.

2017 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரருகே, இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தின் இறக்கையில் ட்ரோன் ஒன்று மோதியது. நல்லவேளையாக விமானம் பத்திரமாய்த் தரை சேர்ந்தது.

எனவே, பறக்கவிடுமுன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். அனுமதியுள்ள இடத்திலும் ஹெலிகாப்டர் ஒலி கேட்டதும் ட்ரோனை இறக்கிவிடுங்கள். விமானியின் கண்ணுக்கு அது தென்படுவது அரிது. விலக வேண்டியவர் நாமே.