வாடகைக் கம்ப்யூட்டரில் வியாபாரக் கணக்கு

சரக்கை வைக்க இடம் வேண்டுமென்றால் வியாபாரிக்கு இரண்டு வழிகள் உண்டு. சொந்தமாகக் கிட்டங்கி கட்டலாம். அல்லது பிறர் கட்டிய கிட்டங்கியில் இடம் வாடகைக்கு எடுக்கலாம். சொந்தமென்றால் முதல் முடங்கும். காவலும் ஒழுகும் கூரையும் நம் பொறுப்பு. வாடகையென்றால் வேண்டும்போது இடத்தைக் கூட்டலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். ஆயினும் மாதம் பிறந்தால் வாடகையும் பிறந்துவிடும். இந்தக் கணக்கை நம் வணிகர்களுக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. இன்று 'கிளவுட்' என்றும் 'மேகக் கணிமை' என்றும் பெரிதாகப் பேசப்படுவதும் இதே கணக்குத்தான். மேகம் என்ற பெயர்தான் ஆளை மயக்குகிறது. பெயர் வைத்தவர் வியாபாரியாக இருந்திருக்க மாட்டார். வானத்தில் ஒன்றுமில்லை. சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் உள்ள பெரிய கட்டடங்களில், இரவும் பகலும் குளிரூட்டப்பட்ட அறைகளில், இரும்புச் சட்டங்களில் அடுக்கிய கம்ப்யூட்டர்கள்தாம் அந்த மேகம்.

புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம், 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தகவல் வைக்கும் இடத்தையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கம்ப்யூட்டரின் வேலைத் திறனை மணிக்கணக்கிலும் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2010-ல் சிங்கப்பூரிலும், 2024 ஆகஸ்டில் மலேசியாவிலும் தன் நிலையங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட், கூகுள், சீனத்து அலிபாபா ஆகியோரும் இதே தொழிலில் இருக்கின்றனர்.

வாடகையிலும் தரங்கள் உண்டு. வெறும் இடமும் மின்சாரமும் மட்டும் தருவது ஒன்று. அதில் எதை வைப்பது, எப்படி நடத்துவது என்பதெல்லாம் நம் பாடு. அடுப்பும் பாத்திரமும் வைத்த சமையற்கட்டைத் தருவது இரண்டாவது. சமைத்த சாப்பாட்டையே கொண்டுவந்து வைப்பது மூன்றாவது. மாதச் சந்தா கட்டிக் கணக்கு மென்பொருளோ கல்லா மென்பொருளோ வைத்திருக்கும் நம் கடைக்காரர்கள் மூன்றாவது வகையைச் சேர்ந்தவர்கள். 'எங்களுக்கும் கிளவுடுக்கும் சம்பந்தமில்லை' என்று அவர்களிற் பலர் நினைக்கிறார்கள். அவர்களுடைய பேரேடு ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. மலேசிய வருமானவரி வாரியம் 2024 ஆகஸ்ட் முதல் தேதியில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கொண்டுவந்த மின் விலைப்பட்டியல் முறையும், காகிதக் கணக்கிலிருந்து நம்மவர்களை அந்தத் திசையிலேயே தள்ளியிருக்கிறது.

வெறும் இடத்தை வாடகைக்கு எடுப்பதால் யாருக்கு இலாபம்? ஏறி இறங்கும் வியாபாரம் உடையவர்களுக்கு. இணையத்தில் துணி விற்கும் ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரண்டு வாரங்களில் அதற்கு வரும் கூட்டம் மற்ற மாதங்களில் வருவதில்லை. அந்த இரண்டு வாரத்திற்கென்று பெரிய சர்வரை விலைக்கு வாங்கினால், மீதி ஐம்பது வாரமும் அது சும்மா சூடேறிக் கிடக்கும். சிறியதை வாங்கினால், கூட்டம் வரும் இரவில் அது படுத்துவிடும். வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். வாடகைக் கம்ப்யூட்டரிலோ, அந்த இரண்டு வாரம் நான்கு பங்காகக் கூட்டி, பெருநாள் மறுநாள் குறைத்துவிடலாம். குறைக்க மறந்தால் அது யார் குற்றமுமல்ல, பில் வரும்.

விலையும் கூலியாள் கணக்கைப் போன்றதே. நாட்கூலிக்கு அழைத்தால் விலை கூடுதல், கட்டுப்பாடு இல்லை. ஓராண்டு அல்லது மூன்றாண்டு ஒப்பந்தம் செய்தால் விலை நன்றாகக் குறையும். ஆனால் வேலையிருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். ஆண்டு முழுதும் ஒரே அளவாக ஓடுகிற வேலைக்கு ஒப்பந்தமும், சீசன் வேலைக்கு நாட்கூலியும் பொருத்தம். நம்மவர்கள் கவனியாத செலவு இன்னொன்று உண்டு. தகவலை உள்ளே இறக்குவதற்குப் பெரும்பாலும் கூலி இல்லை. வெளியே ஏற்றுவதற்குக் கூலி உண்டு. நிறையப் படங்களை வாடிக்கைக்காரருக்குக் காட்டும் கடைக்கும், ஒருநாள் வேறு நிறுவனத்திற்கு மாறிச் செல்ல விரும்புபவருக்கும் இந்த ஏற்றுக்கூலி கடிக்கும். முதலிலேயே அந்த விலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். மாதச் செலவு இவ்வளவைத் தாண்டினால் நமக்கு அறிவிப்பு அனுப்பு என்று கட்டளையிட்டு வைக்கும் வசதி பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உண்டு. கணக்குத் தொடங்கும் அன்றே அதைச் செய்துவிடுவது நலம்.

இது நிற்க. செலவைவிடப் பெரிய விஷயம் பத்திரம். கடன் பாக்கிப் பட்டியல் அழிந்துபோனால் எந்த வியாபாரியும் எழுந்து நிற்க முடியாது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது தந்தவனுக்கும் வாங்கியவனுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியமாகிவிடும். 'பெரிய கம்பெனி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று நினைப்பது தவறு. 2021 மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற நிறுவனத்தின் கட்டடம் ஒன்று தீயில் முழுமையாக அழிந்தது. நகலையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் அசலையும் நகலையும் ஒருசேர இழந்தார்கள். நம் வாசலிலேயே, 2024 செப்டம்பர் 10-ஆம் தேதி, சிங்கப்பூர் லோயாங்கில் ஒரு தகவல் நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அலிபாபாவின் சேவை அந்தப் பகுதியில் தடைப்பட்டது. வேறு கட்டடத்திலும் தம் வேலையைப் பிரித்து வைத்திருந்தவர்களுக்கு வழி இருந்தது. ஒரே கட்டடத்தை நம்பியவர்கள் காத்திருந்தார்கள்.

நெருப்பு மட்டுமா? ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி உண்டு. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதத்தில் கூகுள் கிளவுடில் இருந்த அதன் ஏற்பாடு ஒன்று மறைந்துவிட்டது. காரணம் என்னவென்றால், முன்பு அதை அமைத்துக் கொடுத்தபோது கூகுள் தரப்பில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். அதனால் அது ஓராண்டுக்கு மட்டும் என்று தானாகப் பதிவாகி, ஆண்டு முடிந்ததும் தானாகவே அழிந்தது. கணக்கப்பிள்ளை ஒரு வரியை எழுதாமல் விட்டதுபோல! உறுப்பினர்கள் ஒரு வார காலம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. அந்த நிதி வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. மீட்பு வேலைக்கு அது பெரிதும் உதவியது. ஆகவே நகல் வேறு கட்டடத்தில் இருந்தால் போதாது. வேறு ஆளிடத்திலும் ஒன்று இருக்கவேண்டும். சிறு கடைக்கு இது கடினமான காரியமல்ல. வாரம் ஒருமுறை பேரேட்டையும் சரக்கிருப்பையும் இறக்கி, ஒரு சிறு வட்டில் பதிந்து, வீட்டுப் பெட்டியில் பூட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலைத் திறந்து படித்துப் பார்க்கவும் வேண்டும். திறக்க முடியாத நகல் நகலாகாது.

பூட்டு யார் பொறுப்பு என்பதிலும் தெளிவு வேண்டும். கட்டடத்தின் வாசற்கதவு, காவல், மின்சாரம் ஆகியவை அவர்கள் பொறுப்பு. நம் அறையின் சாவி நம் பொறுப்பு. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒரே கடவுச்சொல்லைக் கல்லாவிலிருக்கும் பையன் முதல் கிட்டங்கிச் சிப்பந்தி வரை எல்லோரும் பயன்படுத்தினால், தகவல் திருடு போனதற்கு அந்த நிறுவனத்தைக் கேட்க முடியாது. ஆளுக்கொரு நுழைவும், கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சரிபார்ப்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை நம் முதலாளிமார் பலரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த மருமகன் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில், தம் சொந்தக் கடனட்டையில் எல்லாவற்றையும் தொடங்கிக் கொடுக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார். பிறகு அவர் வேலை கிடைத்து வெளிநாடு போகிறார். அல்லது குடும்பத்தில் மனத்தாங்கல் வருகிறது. அல்லது அட்டையின் காலம் முடிந்து பணம் கட்டப்படாமல் சேவை நின்றுவிடுகிறது. அப்போது அந்த நிறுவனம் முதலாளியை அறியாது, மருமகனைத்தான் அறியும். கடையின் குத்தகைப் பத்திரத்தைப் பிறர் பெயரில் எழுத நாம் சம்மதிப்போமா? கணக்கு நிறுவனத்தின் பெயரிலும், நிறுவனத்தின் மின்னஞ்சலிலும், நிறுவனத்தின் அட்டையிலும் இருக்கவேண்டும். தலைமைச் சாவி முதலாளியிடமும் நம்பிக்கையான கூட்டாளி ஒருவரிடமும் இருக்கவேண்டும்.

சட்டமும் உண்டு. வாடிக்கைக்காரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவை நம்மிடம் அடைக்கலமாக இருப்பவை. அவை கசிந்து, கேடு பெரிதாயிருந்தால் அறிவிக்கவேண்டும் என்பது சிங்கப்பூரில் 2021 பிப்ரவரி முதலும், மலேசியாவில் 2025 ஜூன் முதலும் கட்டாயமாயிற்று. அறிவிப்பதற்குத் தரும் அவகாசம் இரு நாட்டிலும் ஏறத்தாழ மூன்று நாட்கள்தாம்.

வாடகையே எப்போதும் இலாபம் என்றும் நாம் சொல்லவில்லை. டிராப்பாக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அமேசானிடம் இடம் எடுத்திருந்தது. வியாபாரம் பெருகி, தேவையின் அளவும் தெளிவாகத் தெரிந்த பிறகு, பெரும்பகுதியைத் தன் சொந்தக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றிக்கொண்டது. அதன் பின் இரண்டாண்டுகளில் சுமார் 7.5 கோடி அமெரிக்க டாலர் மிச்சமானதாக 2018-ல் வெளியிட்ட தன் கணக்கில் காட்டியது. ஒரு கடைக்கு அந்த அளவு வராதுதான். எனினும் அலுவலகத்தில் ஐந்து பேர் மட்டும் பார்க்கும் சரக்குப் பதிவுக்கு, மேசைக்கடியில் ஒரு நல்ல கம்ப்யூட்டரும் ஒழுங்கான நகலும் போதும் என்றால், அதற்கு மேகம் எதற்கு?

கையெழுத்துப் போடுமுன் நிறுவனத்தாரிடம் ஒன்று கேளுங்கள்: நாளை நாங்கள் விலகினால் எங்கள் கணக்கை எந்த வடிவில் தருவீர்கள், எத்தனை நாள் வைத்திருந்து அழிப்பீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கி, கடைப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.