மின்சாரக் காடி வாங்கும் முன் மெயின் சுவிட்சைத் திறந்து பாருங்கள்

மலாக்காவில் செலண்டார் பக்கம் மின்சாரக் காடி வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். பாதி வழியில் நின்றுவிட்டால்? எட்டு வருடத்தில் செத்துவிட்டால்? இவையெல்லாம் அப்புறம். இரவில் காடி நிற்கும் இடத்தில் அதற்குக் கரண்ட் கொடுக்க முடியுமா, முடியாதா? இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். முடியாது என்றால், இப்போதைக்கு பெட்ரோல் மைவியையே ஓட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

கணக்கைப் பாருங்கள். ஆயர் குரோ, பத்து பெரெண்டாம் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவருக்கு மாதம் 1,300 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 மானியத் திட்டத்தில் ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கும் சின்னக் காடிக்கு மாதம் 185 வெள்ளி எண்ணெய்க் காசு. அதே தூரத்துக்கு மின்சாரக் காடி, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 180 யூனிட் போலத் தின்னும். வீட்டில் ஏற்றினால் ஏறக்குறைய 100 வெள்ளியில் முடியும். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 1.20 வெள்ளி என்று குறைத்து வைத்தாலும் 216 வெள்ளி. பெட்ரோலை விட அதிகம்! வீட்டில் சார்ஜ் வசதி இல்லாமல் மிச்சம் பிடிக்க முடியாது.

வயர்மேனைக் கூப்பிடுங்கள்

காடிக் கடைக்குப் போகும் முன் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். அக்கம்பக்கத்தில் ஃபேன் மாட்டிக் கொடுப்பவர் போதாது. அவர் பார்க்க வேண்டியவை மூன்று: மெயின் எத்தனை ஆம்பியர் தாங்கும், எர்த் ஒழுங்காக இருக்கிறதா, கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி தட்டினால் விழுகிறதா. பழைய தாமான் வீடுகளில் எர்த் கம்பி நட்ட இடத்தில் துருப்பிடித்த தடயம் மட்டும் இருப்பது உண்டு. விளக்குக்கும் டிவிக்கும் அது தெரியாமல் ஓடியிருக்கும். மின்சாரக் காடிகளோ பெரும்பாலும் எர்த் சரியில்லை என்றால் சார்ஜே எடுக்காது, திரையில் எச்சரிக்கை காட்டிவிட்டுச் சும்மா நிற்கும்.

வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தோட்டத்து வீட்டில் இருந்து, மீட்டர் நிர்வாகத்தின் பெயரில் இருந்தால், ஆபீசில் கேட்காமல் ஒரு கம்பியும் இழுக்காதீர்கள். ஒரு லயத்துக்கே சேர்த்து வரும் லைனில் ஒரு காடியைச் செருகினால் பக்கத்து வீட்டு விளக்கும் சேர்ந்து அணையும்.

சாக்கெட்டா, சுவர்ச் சார்ஜரா?

எல்லாரும் உடனே 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜரைத்தான் விசாரிக்கிறார்கள். அது 32 ஆம்பியர் இழுக்கும். ஒற்றை ஃபேஸ் வீட்டில் அதோடு தண்ணீர் ஹீட்டரும் இரண்டு ஏர்கோனும் ஓடினால் மெயின் விழ வாய்ப்பு அதிகம். வீட்டுச் சுமையைப் பார்த்துத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. 7 கிலோவாட்தான் வேண்டும் என்றால் அந்த வகையைக் கேளுங்கள்.

ஆனால் தினம் 50, 60 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அவ்வளவு தேவையே இல்லை. காடியோடு வரும், அல்லது தனியாக வாங்கும், மூன்று முள் சார்ஜர் 10 ஆம்பியரில் மணிக்கு 2.3 யூனிட் ஏற்றும். இரவு பத்துக்குச் செருகிக் காலை ஆறுக்குக் கழற்றினால் 18 யூனிட். நூறு கிலோமீட்டருக்குமேல் ஓடலாம். அந்த சாக்கெட்டுக்கு மட்டும் மெயினிலிருந்து தனிக் கம்பி, தனி பிரேக்கர் போடச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, தொழிற்சாலைகளில் இருக்கும் நீல நிற 16 ஆம்பியர் சாக்கெட். தடித்த முள், மணிக்கணக்கில் சுமை தாங்குவதற்கென்றே செய்தது.

எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹாலில் இருந்து ஜன்னல் வழியாக இழுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி வைப்பது வீட்டைக் கொளுத்தும் வேலை. முதல் நாள் ஒரு மணி நேரம் ஏற்றிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டுச் சார்ஜர் வாங்கவும் பொருத்தவும் ஆகும் செலவுக்கு 2,500 வெள்ளி வரை வருமான வரி விலக்கு 2027 வரி ஆண்டு வரை உண்டு.

பில் எப்படி ஏறும்

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள டிஎன்பி கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு 27.03 காசு மின்சக்திக்கு, 4.55 கொள்ளளவுக்கு, 12.85 வலையமைப்புக்கு. மொத்தம் 44.43 காசு. 180 யூனிட்டை 44 காசால் பெருக்கி 80 வெள்ளி என்று விற்பனையாளர் எழுதிக் காட்டுவார். அவர் விட்டுவிடுவது சிக்கனச் சலுகையை. 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்தச் சலுகை உண்டு. கரண்ட் கூடக் கூட அது குறையும், குறைந்த விகிதம் மொத்த யூனிட்டுக்கும் பொருந்தும்.

மாதம் 350 யூனிட் ஓடும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 21 காசு தள்ளுபடி. பில் சுமார் 82 வெள்ளி. காடி வந்து 530 ஆனால் தள்ளுபடி 10.5 காசாகச் சுருங்கி, பில் சுமார் 180 வெள்ளி ஆகும். ஆக, காடி தின்ற கரண்டுக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது யூனிட்டுக்கு ஏறக்குறைய 54 காசு. ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் ஏர்கோன் வீடு 600-ஐத் தாண்டும். அப்போது 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும், 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும், மாதாந்திர எரிபொருள் சரிக்கட்டலும் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் காடி வாங்கும் முன் கடந்த ஆறு மாத பில்லை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். 600-க்கு அருகில் நிற்கும் வீடு என்றால் பழைய ஃபிரிட்ஜை மாற்றுவதும் காடிச் செலவைக் குறைக்கும் வழிதான்.

ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் நேரவாரிக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கலாம். வார நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின்சக்திக் கட்டணம் 28.52 காசு, மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் 24.43. இரவு பத்துக்குமேல் காடியைச் செருகினால் மாதம் ஐந்து வெள்ளி போல மிஞ்சும். விண்ணப்பம் போடுங்கள், ஆனால் அதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டாம். பெரும்பாலான காடிகளில் நேரத்தைப் பதிந்து வைக்கலாம்.

எந்தக் காடி

செலண்டாரில் இருந்து ஜாசின், மலாக்கா டவுன், தம்பின் என்று சுற்றுபவருக்குச் சின்ன பேட்டரியே தாராளம். 2025 அக்டோபரில் வந்த புரோட்டோன் இ.மாஸ் 5 காடியின் விலை குறைந்த வகை 60,000 வெள்ளிக்குச் சற்றுக் கீழே. அட்டையில் 225 கிலோமீட்டர், பெரிய பேட்டரி வகையில் 325. அட்டைத் தூரத்தில் நெடுஞ்சாலைக்குக் கால் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். பெரோடுவா கியூவி-இ 80,000 வெள்ளி, பேட்டரி வாடகை மாதம் 275 வெள்ளி தனி. வீட்டுச் சார்ஜில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் தொகை அந்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது என்பதை நினைவில் வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள்.

சாலை வரி விலக்கு 2025-உடன் முடிந்தது. இப்போது மோட்டார் சக்தியைப் பொறுத்து வரி; 100 கிலோவாட்டுக்கு உட்பட்ட காடிக்கு 70 வெள்ளியைத் தாண்டாது. 1.5 லிட்டர் பெட்ரோல் காடிக்கு 90.

பேட்டரி எல்எஃப்பி வகையா என்று கேளுங்கள். அந்த வகையானால் வாரத்துக்கு ஒரு முறையாவது நூறு விழுக்காடு ஏற்றலாம், ஏற்றவும் வேண்டும்; இல்லாவிட்டால் மிச்சத் தூரத்தைக் காடி தப்பாகக் காட்டும். நிக்கல் வகையானால் தினசரி 80-இல் நிறுத்துங்கள்.

கோலாலம்பூர் பயணம்

போக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். வீட்டில் முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போகும்போது எங்கும் நிற்க வேண்டியதில்லை. திரும்புவதற்கு அங்கேயே ஏற்பாடு செய்யுங்கள்: பேரங்காடியில் சாமான் வாங்கும் நேரத்தில் மெதுவான சார்ஜர், இல்லையென்றால் சிரம்பான் ஓய்விடத்தில் இருபது நிமிடம். ஆயர் குரோ ஓய்விடம் வரை இழுத்துவிட்டு அங்கே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. வீடு அரை மணி தூரம். சேரும் அளவுக்கு இருந்தால் பேசாமல் வந்துவிடுங்கள். வேகச் சார்ஜரில் 80-க்குமேல் ஏற்றாதீர்கள், அதன்பின் வேகம் படுத்துவிடும், பின்னால் நிற்பவரின் முகமும் மாறும். முடிந்ததும் காடியை எடுக்காவிட்டால் பல இடங்களில் அபராதக் கட்டணமும் உண்டு.

கிளம்பும் முன்னரே இரண்டு, மூன்று நிறுவனங்களின் செயலிகளை இறக்கி, பணம் போட்டு வைத்துவிடுங்கள். தைப்பூசத்துக்கு பத்துமலை போகிறவர்கள், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி விடுமுறையில் கிளம்புகிறவர்கள், ஓய்விடத்தை நம்பாமல் டோல் இறங்கி டவுனுக்குள் இருக்கும் சார்ஜர் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மழை, மண் ரோடு, எலி

இந்தப் பக்கத்து இடியைச் சொல்லத் தேவையில்லை. மெயின் பெட்டியில் மின்னல் தடுப்பான் போடச் சொல்லுங்கள், போட்டிருந்தாலும் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுங்கள்.

பேட்டரி காடியின் வயிற்றில் படுத்திருக்கிறது. செம்பனை லோரி ஓடிக் குழி விழுந்த தோட்டத்து மண் ரோட்டில் நடுவில் மேடு தட்டினால், பெட்ரோல் காடி போல சைலன்சர் நசுங்குவதோடு போகாது. மெதுவாக, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி ஓட்டுங்கள். தட்டிவிட்டால் பட்டறையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள்.

செம்பனை ஓரத்தில் வீடு என்றால் ஒயரைக் கடிக்கும் எலி இருக்கும். தோட்டங்களில் எலிக்காக ஆந்தைக் கூடு வைக்கிறார்கள். உங்கள் போர்ச்சுக்கு ஆந்தை வராது. சார்ஜர் ஒயரைத் தரையில் விடாமல் கொக்கியில் மாட்டுங்கள், வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

என்ஜின் எண்ணெய் மாற்றும் வேலை இல்லை என்பதற்காக சர்வீஸையே மறந்துவிடாதீர்கள். டயர் சீக்கிரம் தேயும், காடி கனம் அப்படி. சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் பெரிய பேட்டரி நிறைய இருந்தும் காடி கதவைக்கூடத் திறக்காது. மூன்று ஆண்டு ஆனதும் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

காப்புறுதி புதுப்பிக்கும்போது வீட்டுச் சார்ஜரும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். இழுவை லோரி எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்றும் கேளுங்கள். மின்சாரக் காடியைச் சக்கரம் உருள இழுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றும் தட்டு லோரிதான் வர வேண்டும். போனில் கூப்பிடும்போது அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கொக்கி லோரியை அனுப்பிவிட்டு இன்னொன்று வரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.