தொலைவும் நேரமும்

புதுச்சேரி நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்துள்ளது வைத்திக்குப்பம். மாசிமகத்தன்று பல ஊர்க் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை அது. ஏனைய நாள்களில் அது மீனவரின் பணிக்களம். மீன்படும் இடம் எவ்வளவு தொலைவு என்று வினவினால், கடலோடிப் பழகியவர் பெரும்பாலும் தொலைவைக் கூறார். ஓட்ட நேரத்தையே கூறுவார். கொண்டற்காற்று எதிர்த்தால் அந்நேரம் நீளும் என்பதையும் அவர் அறிவார்.

வானத்திலும் இக்கணக்கே நடைபெறுகின்றது. நகரின் வடமேற்கே, இலாசுப்பேட்டையில் புதுச்சேரி விமான நிலையம் இருக்கின்றது. இடையில் நின்றுபோயிருந்த பயணிகள் விமானப் போக்குவரத்து, 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்திற்கும் மீண்டும் தொடங்கியது. அங்குள்ள ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,500 மீட்டரே. ஆதலின் பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. சுழல்விசிறி பூட்டிய சிறு விமானங்களே வந்து செல்கின்றன. அவற்றின் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்.

புதுச்சேரிக்கும் பெங்களூரு நிலையத்திற்கும் வான்வழித் தொலைவு ஏறத்தாழ 266 கிலோமீட்டர். வேகத்தால் வகுத்துப் பார்க்கும் மாணவன் 32 நிமிடம் என்று விடை எழுதுவான். கணக்கில் பிழையில்லை. ஆயினும் கால அட்டவணையோ ஒரு மணி நேரத்திற்கும் மேல் என்கின்றது!

எஞ்சிய நேரம் எங்கே சென்றது? விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், சென்ற இடத்தில் நிற்கும் வரையிலான நேரமே அட்டவணையில் குறிக்கப்படுகின்றது. ஓடுபாதைவரை அது தரையில் ஊர்ந்து செல்ல வேண்டும். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கூடாது. பெங்களூரு போன்ற நெரிசல் மிக்க நிலையத்தில் முறை வரும்வரை வட்டமிடவும் நேரும். இவ்விழப்பு குறும்பயணத்திலேயே பெரிதாகத் தோன்றும். ஐதராபாத் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். தொலைவு இரு மடங்குக்கும் மேல். ஆனால் பயண நேரம் இரு மடங்காவதில்லை.

இனிக் காற்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அது எதிர்த்தால், தரையை நோக்க விமானத்தின் வேகம் 450 ஆகின்றது. பின்னின்று தள்ளினால் 550. நெடும்பயணத்தில் இவ்வேறுபாடு மிகப் பெரிது. நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆவது வழக்கம். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில், கடும் மேல்காற்றின் துணையால் ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் அங்குச் சேர்ந்தது. எதிர்த்திசையில் சென்றவற்றிற்கு அக்காற்றே தடையாயிற்று.

ஆதலின் விமானத்திற்குத் தொலைவை மட்டும் கருதி எரிபொருள் நிரப்புவதில்லை. எதிர்க்காற்றுக்கும், வட்டமிடுதற்கும், வானிலை இறங்கவொட்டாது தடுத்தால் வேறொரு நிலையத்தை அடைதற்கும் மிகையாகக் கொள்ள வேண்டும் என்பது விதி. கடலுக்குச் செல்லும் மீனவரும் மிகையாக டீசல் கொண்டு செல்வதுண்டு. எண்ணெய் தீர்ந்த படகு நடுக்கடலில் மிதந்தாவது கிடக்கும்; விமானத்திற்கு அவ்வசதி இல்லை.