வீட்டுக்கு வரும் பராமரிப்பாளர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: நர்ஸ் மாதிரி யூனிஃபார்ம் போட்டிருக்கிறார், ஊசியும் போட்டுவிடுவார்.

உண்மை: மூன்று வருட டிப்ளமோவோ நான்கு வருட பி.எஸ்சி.யோ படித்து, செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். ஏஜென்சி அனுப்பும் பராமரிப்பாளர்கள் பலர் சில மாதப் பயிற்சி பெற்றவர்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, பிடித்து நடக்கவைப்பது அவர்கள் வேலை. ஊசி, டிரிப்ஸ், யூரின் டியூப் மாற்றுவதெல்லாம் அதில் சேராது. "நர்ஸைக் கூப்பிட்டா தனியா காசு கேப்பாங்க, நீங்களே போட்டுடுங்கக்கா" என்று கெஞ்சும் வீடுகள் உண்டு. மறுக்கிறவர்தான் தொழில் தெரிந்தவர்.

நம்பிக்கை: படுத்த படுக்கையானால் புண் வரத்தான் செய்யும், பவுடர் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும்.

உண்மை: நாம் அதிகம் கெடுப்பது இங்கேதான். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் உடம்பின் பாரம் அழுத்தி, ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகுகிறது. அதனால்தான் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிடச் சொல்கிறார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. நல்ல பராமரிப்பாளர் ஆளை இழுத்து நகர்த்த மாட்டார், விரிப்போடு தூக்கி நகர்த்துவார். இழுத்தால் தோல் உரிந்துவிடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பார். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். நம்முடையதைப் போன்ற கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும் தொட்டால்தான் புரியும். அந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் சிதையும். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கை: டியூபில் ஊற்றும் கஞ்சிதானே, படுத்தபடியே கொடுக்கலாம்.

உண்மை: கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்த பிறகும் அரைமணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். இல்லையென்றால் கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். வாயால் சாப்பிடாதவருக்கும் தினமும் வாயைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம்பிக்கை: சம்பளம் கொடுக்கிறோம், சும்மா இருக்கும் நேரத்தில் பாத்திரம் துலக்கட்டுமே.

உண்மை: ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து புரட்டிய ஆள் பகலில் கண்ணயர்வது சும்மா இருப்பதல்ல. அவர் தூங்கும் நேரத்தில் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நியாயம் மட்டுமல்ல, தூக்கம் கெட்டவர் கையில் நோயாளி பத்திரமாகவும் இருக்க மாட்டார்.

நம்பிக்கை: ஏஜென்சிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் வழியே இல்லை.

உண்மை: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள், இலவசமாக. தினமும் குளிப்பாட்டிவிட வர மாட்டார்கள், அது உண்மை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விவரம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும் நாளில் பக்கத்தில் நின்று, புரட்டும் முறையைச் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.