வெள்ளி விளக்குத் தண்டுகளும் மூத்த மகனும்

“சினிமாவா? விவிலிய வட்டத்திலா?” இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் சகோதரிகள் அல்லர், மாணவிகளாகிய நாங்களேதான். இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பத்தாம் வகுப்பை அகர வரிசைப்படி எட்டு எட்டுப் பேராகப் பிரித்து, வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் விவிலியக் குழுக்கள் நடத்தத் தொடங்கினார்கள். முதல் மூன்று வாரங்கள் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். திருநூல் பகுதியை வாசித்தோம். பிறகு “அன்பு”, “மன்னிப்பு”, “செபம்” என்று மறைக்கல்வித் தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் விடைகளை ஆளுக்கொன்றாகச் சொன்னோம். பிறகு மணியடிக்கக் காத்திருந்தோம். அதே எட்டுப் பேரும் மதிய உணவு வேளையில் முந்திய நாள் பார்த்த படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டிபன் பெட்டியில் சோறு காய்ந்துபோகும்! இதைக் கவனித்த சிஸ்டர் ஒருநாள், “அந்தப் பேச்சை இங்கே கொண்டுவந்தால் என்ன?” என்றார்.

எங்களுக்குத் தயக்கமாகவே இருந்தது. ஆகவே முதலில் திருநூலிலேயே தேடிப் பார்த்தோம். தேடியதில் கிடைத்தவை எங்களை வியப்பில் ஆழ்த்தின. லூக்கா நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர், சந்தை வெளியில் உட்கார்ந்து குழல் ஊதியும் ஒப்பாரி வைத்தும் விளையாடும் பிள்ளைகளின் பாட்டை எடுத்துக்காட்டித் தம் காலத்து மக்களைக் கண்டிக்கிறார். 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டதைப் பற்றிப் பேசுகிறார். அது அந்நாளில் ஊரெல்லாம் பேசிய செய்தியாயிருக்க வேண்டும். இன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு குருவானவர் பிரசங்கம் செய்வது போன்றதுதானே அது?

புனித சின்னப்பர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். (இப்பொழுது திருப்பலியில் பவுல் என்றே வாசிக்கிறோம், எங்கள் பாட்டிமாருக்கு அவர் இன்றும் சின்னப்பர்தான்.) ஏதென்ஸ் நகரத்தில் அவர் பேசியபொழுது மோசேயையோ எசாயாவையோ மேற்கோள் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த மக்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? கிரேக்கக் கவிஞரின் அடியொன்றைச் சொன்னார். திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தில் உள்ள அந்த அடி அராத்துஸ் என்னும் கவிஞருடையது. அவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். சின்னப்பரின் சொந்த மாகாணமாகிய சிலிசியாவைச் சேர்ந்தவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15-ஆம் அதிகாரத்தில், கெட்ட சகவாசத்தைப் பற்றி அவர் சொல்லுவது மெனாந்தர் என்பவர் எழுதிய நகைச்சுவை நாடகத்தில் வருவதாம். சின்னப்பர் நாடக வசனத்தை எடுத்தாளலாம், நாங்கள் கூடாதா என்று கேட்டோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, “ஆளலாம். ஆனால் அவர் அந்த வசனத்தோடு நின்றுவிடவில்லை, அதையும் கவனியுங்கள்” என்றார்.

நாங்கள் எடுத்துக்கொண்டது மிகப் பழைய கதை. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட நாவல் அது. சுத்தானந்த பாரதியார் அதைத் தமிழில் “ஏழை படும் பாடு” என்று தந்தார். அதே பெயரில் 1950-இல் திரைப்படமும் வந்தது. இயக்கியவர் கே. ராம்நாத், கைதியாக நடித்தவர் நாகையா. ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அதன்பின் ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1972-இல் சிவாஜி கணேசன் நடித்து வந்த “ஞான ஒளி”யும் இந்தக் கதையின் உறவுக்காரப் படந்தான். எங்களில் பெரும்பாலோர் இதைத்தான் பார்த்திருந்தோம். பழையதை ஒருத்தியின் பாட்டி சொல்லக் கேட்டோம். பாட்டி சொன்ன விதம் படத்தைவிட நன்றாயிருந்திருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். பசிக்கு ஒரு ரொட்டி திருடியவன், தப்பியோட முயன்ற குற்றமும் சேர்ந்து 19 ஆண்டுகள் சிறையில் கிடக்கிறான். வெளியே வந்தபின் ஒருவரும் இடங்கொடுக்கவில்லை. ஒரு மேற்றிராணியார் மட்டும் தம் வீட்டில் சோறும் படுக்கையும் தருகிறார். இரவோடிரவாக அவன் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்து வந்தபோது, “இவை நான் கொடுத்தவை” என்று ஆயர் சொல்லிவிடுகிறார். அத்துடன், “விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?” என்று அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். அவன் திருந்தி, பிறருக்கு உதவும் பெரிய மனிதனாகிறான். ஆனால் ஜாவர் அவனை விடுவதில்லை. சட்டத்தை ஒருநாளும் மீறாதவன் ஜாவர். முன்பு குற்றவாளி என்றால் என்றும் குற்றவாளிதான் என்பது அவன் எண்ணம். கடைசியில் அந்தக் கைதியே அவன் உயிரைக் காப்பாற்றுகிறான். அந்த இரக்கத்தை ஜாவரால் தாங்க முடியவில்லை. நாவலில் அவன் ஆற்றில் விழுந்து உயிரை விடுகிறான். இவ்வளவு நல்ல ஆயரைப் படைத்த அந்த நாவலை 1864-இல் திருச்சபையே தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்திருந்ததாம்! அந்தப் பட்டியலே 1966-இல் நீக்கப்பட்டது.

இத்துடன் லூக்கா 15-ஆம் அதிகாரத்திலுள்ள ஊதாரி மகன் உவமையைச் சேர்த்து வாசித்தோம். எங்கள் முறை இதுதான்: ஒருத்தி ஐந்து நிமிடத்தில் படத்தின் கதையைச் சொல்லுவாள். அடுத்தவள் திருநூல் பகுதியை இருமுறை நிதானமாக வாசிப்பாள். இரண்டு நிமிடம் மௌனம். பிறகு, “எந்த இடத்தில் உனக்குக் கோபம் வந்தது?” என்பது முதல் கேள்வி. “இதிலிருந்து நாம் அறிவது யாது?” என்று மட்டும் கேட்கவே கூடாது, கேட்டால் எல்லாரும் உடனே தேர்வறைக்குப் போய்விடுகிறோம். வழிநடத்துகிறவள் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். வெள்ளை அங்கியணிந்த பாதிரியாரும் ஆர்கன் இசையும் வரும் படம் என்பதற்காகத் தேர்ந்தெடுப்பதிலும் பயனில்லை. அப்படி ஒரு வாரம் முயன்றோம். பாதிரியார் சிலுவை அடையாளம் சரியாகப் போட்டாரா என்பதிலேயே நேரம் முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் ஜாவர்மீதுதான் கோபம். “தண்டனையை அனுபவித்து முடித்தவனை விடக்கூடாதா?” என்று பொரிந்து தள்ளினோம். அப்பொழுது ஒருத்தி, “உவமையில் ஜாவர் யார்?” என்று கேட்டாள். தந்தையா, இளைய மகனா என்று பார்த்துக்கொண்டே போய், மூத்த மகனிடம் வந்து நின்றோம். அவனும் கட்டளையை மீறாதவன். தம்பி திரும்பி வந்தது அவனுக்கு விருந்தாகத் தோன்றவில்லை, அநியாயமாகத் தோன்றியது. தந்தை வெளியே வந்து கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா, போகவில்லையா? நற்செய்தியில் அது சொல்லப்படவில்லை. திருப்பித் திருப்பிப் புரட்டிப் பார்த்தோம்; அதோடு உவமை முடிந்து 16-ஆம் அதிகாரம் தொடங்கிவிடுகிறது.

எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தி அதுவரை பேசவேயில்லை. ஒன்பதாம் வகுப்பில் மறைபரப்பு ஞாயிற்றுக்காகச் சேர்த்த உண்டியல் பணம் 500 ரூபாய் காணாமற்போனது. எடுத்தவள் அவளே. தானாகச் சென்று சிஸ்டரிடம் சொன்னாள். அவளுடைய அம்மா பணத்தைத் திருப்பிக் கட்டினார். சிஸ்டர் அத்துடன் அதை முடித்துவிட்டார். நாங்கள் முடிக்கவில்லை. அவள் பக்கத்தில் பையை வைத்துவிட்டுப் போகமாட்டோம். நோட்டு கேட்டால் இரவல் தரமாட்டோம். பேனா ஒன்று தொலைந்தால் எல்லார் கண்ணும் கடைசிப் பெஞ்சுக்குப் போகும். ஒருத்தியும் அவளைத் திட்டியதில்லை. ஆகையால் நாங்கள் எந்தத் தவறும் செய்ததாக எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அவள் தலை நிமிராமலே, “அந்தக் கைதிக்காவது ஊர் மாறிப் போகமுடிந்தது” என்றாள்.

மணி அடித்தது. எழுந்திருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. மறைக்கல்விப் புத்தகத்தில் படித்த வாக்கியம் ஒன்றும் அப்போது வாயில் வரவில்லை. திங்கட்கிழமை எங்களில் இருவர் கடைசிப் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தோம். அவள் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. பேசவேண்டும் என்று எதிர்பார்க்க எங்களுக்கு என்ன உரிமை? மூன்றாம் நாள் கணக்கு நோட்டைக் கேட்டாள்.

இதை ஆண்டு மலரில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டோம். பெயர் போடாவிட்டால் சரி என்றாள். எழுதி முடித்ததும் முதலில் அவளிடமே கொடுத்தோம். முழுவதும் வாசித்துவிட்டு, ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் திருத்தித் தந்தாள். நாங்கள் ஓராண்டாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்த 500 என்பதை அடித்து, பக்கத்தில் 140 என்று எழுதியிருந்தாள்.