82 கிலோ தூக்கியும் இடம் இல்லையா?

2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 82 கிலோ தூக்கியும் தரவரிசையில் இடம் பெறவில்லையே, ஏன்? அதன் பிறகு எப்படி மீண்டார்?

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இடம் என்பது இரு பிரிவுகளின் கூட்டுத்தொகைக்கே உரியது. எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது ஸ்நாட்ச்; முதலில் தோளுக்கு ஏற்றி நிமிர்ந்து, பின்னர் தலைக்கு மேல் தள்ளி, முழங்கை மடங்காமல் நடுவரின் சைகை வரும்வரை அசையாது நிற்பது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. ரியோவில் 48 கிலோ எடைப்பிரிவில் களமிறங்கிய மீராபாய்க்கு ஸ்நாட்சில் 82 கிலோ கைகூடினாலும், இரண்டாம் பிரிவின் மூன்று முயற்சிகளும் தவறியதால் கூட்டுத்தொகையே உருவாகவில்லை. அந்த 82 கிலோவும் பயனற்றுப்போனது.

மறு ஆண்டே, 2017இல், அனஹைமில் 194 கிலோவுடன் உலகச் சாம்பியனான மணிப்பூரின் இந்த வீராங்கனை, கர்ணம் மல்லேஸ்வரிக்குப் பிறகு 22 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு அந்தத் தங்கத்தை மீட்டுத் தந்தார். எனினும், பதக்கங்களைவிடப் பெரிதாக மதிக்கத்தக்கது, ரியோவில் கைவிட்ட அதே கிளீன் அண்ட் ஜெர்க்கையே அவர் தம் பெரும்பலமாக்கிக்கொண்டதுதான்: 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியில், 49 கிலோ பிரிவில், 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தார். ஸ்நாட்ச் 86 கிலோவில் நின்றதால் அங்குக் கூட்டுத்தொகையில் கிடைத்தது வெண்கலமே. சில மாதங்களில், டோக்கியோ ஒலிம்பிக்கில் 87, 115 என 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2024 பாரிஸில் 199 கிலோ தூக்கி நான்காமிடம் பெற்றார். வெண்கலம் 200 கிலோவுக்குச் சென்றது.