துவரையில் ஒரு கலப்பின விதை

சாம்பாரில் நாம் சேர்க்கும் துவரம்பருப்பை உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதை மிகுதியாக உண்ணும் நாடும் அதுவே. துவரைச் செடியின் வேர் ஆழமாக இறங்கி அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சும். வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும். அதனால், பாசன வசதியும் உரம் வாங்கப் பணமும் இல்லாத உழவர்கூட இதைப் பயிரிடலாம். ஆயினும், நெல்லும் கோதுமையும் பசுமைப் புரட்சியால் பெருகிய காலத்தில், துவரை விளைச்சல் பல பத்தாண்டுகளாக ஹெக்டருக்கு 700, 800 கிலோகிராம் அளவிலேயே நின்றுவிட்டது.

வாடல் நோய் இதற்கு ஒரு காரணம். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை வேர்வழியே நுழைந்து, நீர் செல்லும் குழாய்களை அடைத்துவிடும். பல மாதங்கள் வளர்த்த செடி, பூத்துக் காய்க்கும் வேளையில் காய்ந்து நிற்கும். 1972இல் ஹைதராபாத்துக்கு அருகில் பட்டாஞ்செருவில் தொடங்கப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிலையம், இந்தப் பூஞ்சை நிறைந்த நிலத்திலேயே பல வகைத் துவரைகளை வேண்டுமென்றே விதைத்துப் பார்த்தது. பிழைத்தவையே தேர்வு பெற்றன. இவ்வாறு நோயைத் தாங்கும் ‘மாருதி’ என்னும் ரகம் 1980களில் உழவர்களைச் சென்றடைந்தது.

நோயிலிருந்து தப்பினாலும், விளைச்சல் போதிய அளவு உயரவில்லை. இரு வேறு ரகங்களை இணைத்தால் பிறக்கும் கலப்பினச் செடி கூடுதலாகக் காய்க்கும். ஆனால், ஒரே துவரைப் பூவில் மகரந்தமும் சூலகமும் இருப்பதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. எனவே, மகரந்தம் தராத செடி ஒன்று தேவைப்பட்டது. அத்தகைய செடியைக் கொண்டு 1991இல் ஒரு கலப்பினம் வெளிவந்தது. விளைச்சல் நன்றாகவே இருந்தது. சிக்கல் விதை உற்பத்தியில்தான். தாய்வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவையாகவே முளைத்தன. பூக்கும்போது ஒவ்வொன்றாகச் சோதித்து அவற்றைப் பிடுங்க வேண்டும். அந்தக் கூலிச் செலவை விதை நிறுவனங்களால் தாங்க முடியவில்லை.

தீர்வு காட்டிலிருந்து வந்தது. கிழக்கிந்தியாவில் வளரும் ஒரு காட்டுத் துவரையைத் தாயாகவும் பயிர்த் துவரையைத் தந்தையாகவும் கொண்டு ஆய்வாளர்கள் இனக்கலப்புச் செய்தனர். காட்டுத் தாயின் உயிரணுச் சாறும் பயிரின் மரபணுக்களும் சேர்ந்த செடிகளில் மகரந்தம் உருவாகவில்லை. உயிரணுச் சாறு தாய்வழியே வருவதால், தகுந்த துணைச் செடியோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையும் முழுவதும் அப்படியே இருந்தது. பிடுங்கும் வேலை மறைந்தது. மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீக்கள் இருந்தன. அவற்றுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை!

இம்முறையில் உருவான ‘ஐசிபிஎச் 2671’ என்னும் கலப்பினம் 2010இல் மத்தியப் பிரதேசத்தில் பயிரிடுவதற்கு வெளியிடப்பட்டது. ஐந்து மாநிலங்களில் உழவர்களின் வயல்களிலேயே நடந்த சோதனைகளில், அது ஹெக்டருக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 கிலோகிராம் தந்தது. அருகில் விதைத்த பழைய ரகத்தைவிட இது 40 விழுக்காட்டுக்கும் அதிகம்.

எனினும், மாருதியை விதைத்தவர் தம் அறுவடையிலிருந்தே அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து வைக்கலாம். கலப்பினத்தில் அது இயலாது. சேமித்த விதையிலிருந்து வரும் செடிகள் ஒன்றுபோல் இராமல், விளைச்சலும் குறையும். ஆகவே, ஆண்டுதோறும் புதிய விதை வாங்க வேண்டும். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் உழவர், மழை பெய்யுமா என்று தெரியாத நிலையில், விதைப்புக்கு முன்பே அந்தப் பணத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. இதனால்தான் ஆய்வாளர்கள் கலப்பினங்களோடு நிற்காமல், விதையைச் சேமித்து வைக்கத்தக்க ரகங்களையும் தொடர்ந்து உருவாக்கி வருகின்றனர்.